பாசிக்குப் போகும் அம்மாவும் படமெடுக்கும் நானும்

எங்கள் வீட்டில் யாரையும் இயல்பாகப் படமெடுக்க முடியாது. எட்டு வருடமாக முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் கேமராவைத் தூக்கினால் போதும், கையில் இருக்கிற வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் நின்றுவிடுவார். "அய்யா, நீங்க பாட்டுக்கு வலையப் பாருங்க, நான் பாட்டுக்கு எடுக்குறேன்" என்று கெஞ்சினால், "போட்டோன்னா போட்டோ மாதிரி இருக்கணும்த்தா" என்பார். அவர் வலை பின்னுகிற படம் இன்றுவரை என்னிடம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. நிமிர்ந்து நிற்கிற படம் நானூறு இருக்கிறது.

தம்பிக்குத் தன் முகத்தைத் தானே எடுத்தால்தான் பிடிக்கும். நான் எடுத்தால் மூக்கு பெரிதாக விழுகிறதாம். இருப்பதுதானே விழும்? ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஏசி அறை. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் வெயில் படாமல் உட்கார இடம் தேடுவான். அவனைக் கடலோடு சேர்த்து ஒரு சட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அம்மா மட்டும் வேறு ரகம். கேமரா அவளுக்கு ஓர் ஈ. மூக்குக்கு நேரே வந்தால் விரட்டுவாள், இல்லாவிட்டால் கண்டுகொள்ள மாட்டாள். அதற்குக் காரணம் உண்டு. அம்மா பாசிக்குப் போகிறவள். பாம்பன் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான். கடலுக்கடியில் பாறைகளில் வளரும் பாசியை மூழ்கிக் கிள்ளி எடுத்து வந்து, காயவைத்து வியாபாரிக்கு விற்பார்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, பாதத்தில் கயிறு போட்டுக் கட்டிய தகரத் தட்டு, இடுப்பில் வலைப் பை. இந்தக் கோலத்தைப் படமெடுக்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். அதனால் படமெடுப்பவர்களின் பாஷை முழுவதும் அம்மாவுக்கு மனப்பாடம். "மெதுவா எந்திரிங்க மேடம், கேமராவப் பாக்காதீங்க, தூரத்துல எதையோ பாருங்க, சிரிக்க வேணாம்" என்று அவள் நடித்துக் காட்டினால் பெண்கள் கரையில் உருண்டு சிரிப்பார்கள். "தூரத்துல என்னத்தப் பாக்க? அங்கிட்டு இலங்கைதான் கெடக்கு" என்று முடிப்பாள்.

நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். கூடப் படித்தவர்கள் காசி, இமயமலை என்று போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வக்கில்லை, பாம்பனுக்கு பஸ் ஏறினேன். அம்மா கறிவேப்பிலை உருவுவதை எடுத்தேன். அய்யா தூங்குவதை எடுத்தேன் (அப்போதுதான் பொத்தான் போடமாட்டார்). எடுக்க எடுக்க, உலகத்தில் வேறு யாரையும் எடுக்கத் தோன்றவில்லை. "ஒரே மூஞ்சிய எத்தனை தடவ எடுப்ப?" என்று தம்பி கேட்பான். நான் அசரவில்லை. பிறகு அந்தப் படங்களைக் கண்காட்சிக் கூடங்களில் மாட்ட ஆரம்பித்தார்கள். சென்னையில் முன்பின் தெரியாதவர்கள் எங்கள் வீட்டு அடுப்படிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. அந்தக் கனத்தில்தான் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று பெண்கள் வேலை முடிந்து கரையேறிக்கொண்டிருந்தார்கள். அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கண்ணாடியைக் கழற்றினாள். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்தது போல, துணி சுற்றிய விரலால் கசக்கினாள். நான் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே நின்று வரிசையாக இருபது படம் எடுத்தேன். ஒரு படத்தில் அம்மா, பக்கத்தில் நின்ற சின்னம்மா சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். இரண்டு படம் தள்ளி என்னைத் திட்டுகிறாள், ஏனென்றால் நான் அவள் முதலிலேயே கரையில் வீசியிருந்த பாசிப் பையை மிதித்துக்கொண்டு நின்றேன். நடுவே ஒரே ஒரு படத்தில் மட்டும் அழுவதுபோல் இருந்தாள். வெடித்த உதடு, சிவந்த கண், கிழிந்த சட்டை. நான் அதைத்தான் பெரிதாக்கினேன்.

ஏனென்றால் அதுதான் நல்ல படம். கலை என்று வந்துவிட்டால் சிரிப்புக்கு மதிப்பு கொஞ்சம் மட்டுதான். அழுகிற அம்மாவைக் கண்டால் கூடத்தில் நிற்பவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள், தலையை ஒரு பக்கம் சாய்க்கிறார்கள். சிரிக்கிற அம்மாவைக் கண்டால் தாங்களும் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஓர் இணைய இதழ் அதை வாங்கிப் போட்டு, கண்ணீரில் விளையும் பாசி என்று தலைப்பும் வைத்தது. நானும் பெருமை தாங்காமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைத் தட்டிவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

ஒரு மணி நேரத்தில் படம் பாம்பனைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் தம்பிக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்த வீடு.

தம்பி போனில் கத்தினான்.

"அக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? அம்மா அழுவுற படத்த ஊரு பூரா பாத்துட்டாக. பொண்ணு வீட்டு அத்தை போன் போட்டு, அம்மாவுக்கு என்ன தம்பி கஷ்டம்னு கேக்குறாக. நான் மூஞ்சிய எங்கிட்டு கொண்டு வைக்க?"

"அது அழுகை இல்லலே. கண்ணு எரிஞ்சுச்சு."

"அதப் படத்துக்குக் கீழ எழுதிருக்கலாம்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"அதுவும் என்னோட பள்ளிக்கூடச் சட்டை! பையில பேட்ஜ் வேற தெரியுது!" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். அவனுக்கு எது அதிகமாக வலித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை ஊருக்கு வந்தான். அவனும் அய்யாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது எங்கள் ஊர் மழை மாதிரி, எப்போதாவது நடக்கும். அன்று நடந்தது. அம்மா இனிமேல் பாசிக்குப் போக வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

"மகன் வேலைக்குப் போறான், நான் இன்னும் வள்ளத்துல போறேன். நீ எதுக்குப் பாசி பொறுக்கணும்?" என்றார் அய்யா. "வயசு அம்பத்தஞ்சு ஆச்சு. முட்டி வலின்னு ராவெல்லாம் முனங்குற. கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாக. போதும், விட்டுரு."

பொறுக்குவது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அய்யா போவது கடலுக்கு, அம்மா போவது பாசிக்கு. என்னவோ பாசி எங்கள் வீட்டுக் கொல்லையில் முளைத்துக் கிடக்கிற மாதிரி. எனக்கும் அதுவரை அந்தப் பேச்சில் ஒன்றும் உறைத்ததில்லை. நானும் அப்படியேதான் சொல்லி வளர்ந்தேன்.

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் அடுத்த மீனை எடுத்தாள். அவள் திட்டினால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்று யாரையும் திட்டவில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். அந்த நாட்களில்தான் பெண்கள் பாசிக்குப் போவார்கள். அடுத்த வத்தம் வந்தது. காலையில் பெண்கள் எங்கள் வாசல் வழியாகப் போனார்கள். "வரலையா மதினி?" என்று ஒருத்தி கூப்பிட்டாள். "இல்ல, நீங்க போங்க" என்றாள் அம்மா. பிறகு ஒரே குடத்தை மூன்று தடவை விளக்கினாள். முற்றத்தைப் பெருக்கினாள். பெருக்கிய முற்றத்தையே திரும்பவும் பெருக்கினாள். கோழியைப் பிடித்து நிறுத்தி வைத்துத் திட்டினாள். மத்தியானம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் போய், நான் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன், இதழுக்கு எழுதிப் போடுகிறேன், தம்பியிடம் பேசுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் முப்பது வருடமாகப் போன கடலிலிருந்து என்னுடைய ஒரே ஒரு படம் அவளைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டது.

"வீட்டுல இருந்தாத்தான் முட்டி வலிக்குது. தண்ணிக்குள்ள போயிட்டா வலியே தெரியாது. இத உங்கய்யாவுக்கு யாரு சொல்றது?" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு வருசமா என்னத்தப் புடிச்ச? மூஞ்சியத்தான புடிச்ச? வேல அங்கனயா இருக்கு? வேல தண்ணிக்குள்ளல்ல இருக்கு!"

சுளீர் என்றது. உண்மைதான். நான் எடுத்ததெல்லாம் அவள் கரையேறிய பிறகு எடுத்தது. ஒரு சமையல்காரியை எட்டு வருடம் அவள் கை கழுவும்போது மட்டும் படமெடுத்த மாதிரி.

"எடுத்தத நீதான எடுத்த? நீயே சரி பண்ணு. நாளைக்கு வா, காட்டுறேன்" என்றாள்.

"அய்யா வேணாம்னு சொல்லிருக்காகளே."

"பாசிக்குத்தான போக வேணாம்னாக?"

அன்று சாயங்காலம் அய்யா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா மிகவும் பவ்வியமாகச் சொன்னாள். "ஏங்க, நாளைக்கு இவ என்னைய வச்சுப் படம் எடுக்கணுமாம். தண்ணிக்குள்ள எடுக்குறாளாம். பாசிக்கெல்லாம் போகல. படத்துக்குத்தான் போறேன்."

அய்யா டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். மகள் படமெடுப்பதை அவர் எப்போதும் தடுத்ததில்லை. இது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "படத்துக்குன்னா போயிட்டு வா" என்றார். படத்துக்குப் போனவள் பாசியோடு திரும்பக் கூடாது என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஐம்பத்தைந்து வயதில் அவ்வளவு அழகாகக் கண்ணடிக்க யாரால் முடியும்?

சிநேகிதி ஒருத்தியிடம் முன்பே கடன் வாங்கி, தண்ணீர் புகாத உறைக்குள் போட்ட சிறிய கேமராவை வைத்திருந்தேன். கடற்கரைப் பெண் என்றுதான் பெயர். மிதக்கத் தெரியும், மூழ்கத் தெரியாது. அது வேறு வித்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் பாறைத் திட்டு. அங்கே நெஞ்சளவிலிருந்து இரண்டு ஆள் ஆழம்வரை தண்ணீர். அம்மா ஒரு மூச்சை இழுத்தாள், தலைகுப்புறக் கவிழ்ந்தாள், காணாமல் போய்விட்டாள். நானும் மூச்சை இழுத்தேன், கவிழ்ந்தேன், காலை உதைத்தேன், உதைத்தேன், உதைத்துக்கொண்டே இருந்தேன். என் முதுகில் வெயில் அடித்தது.

"கேமராக்காரி காலி கேன் மாதிரி மெதக்குறா!" என்று சின்னம்மா கத்தினாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். ஒருத்தி வந்து என் இடுப்பைப் பிடித்து அமுக்கினாள். இன்னொருத்தி கொழுக்கட்டைபோல் இருக்கிறாய், அதனால்தான் மிதக்கிறாய் என்றாள். மூக்கு வழியாகக் குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைசியில் அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பயப்படாத. நான் புடிச்சிருக்கேன். கண்ண மட்டும் தொறந்து வச்சுக்க." ஒரே இழுப்பு. உள்ளே போய்விட்டோம்.

கரையில் என் அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பவள். எழும்போது சுவரைப் பிடிப்பவள். உள்ளே அந்த அம்மாவைக் காணோம். காலை ஒரு தடவை அசைத்தால் அடுத்த பாறைக்குப் போய்விட்டாள். சேலை அவளைச் சுற்றி மெதுவாக விரிந்தது. இடது கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளினாள், பிடுங்கவில்லை. வேரை விட்டுவிட்டு நுனியை மட்டும் கிள்ளி, கண் பார்க்காமலே இடுப்புப் பைக்குள் போட்டாள். சின்னச் சின்னக் கோடு போட்ட மீன்கள் அவள் விரலடியில் வந்து வந்து மேய்ந்தன. ஒன்றைப் புறங்கையால் ஒதுக்கினாள், முற்றத்தில் கோழியை ஒதுக்குவாளே, அதே மாதிரி. நடுவில் என் பக்கம் திரும்பி, கண்ணாடிக்குள் கண்ணை உருட்டி, பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன். என் அம்மாவை நான் அவ்வளவு அழகாக அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. மூச்சு முடிந்ததாலும் வெடித்துவிடும்போல் இருந்தது. மேலே ஓடி வந்துவிட்டேன்.

மூன்று நாள் போனோம். மூன்று நாளும் படத்துக்குத்தான் போனோம். பை நிறையப் பாசி வந்தது என்றால் அது தற்செயல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமே, அந்த நாட்களைப் பேசுவதற்காக. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். விளமீன் குழம்பும் கணவாய் வறுவலும் பரிமாறி முடித்தாயிற்று. பாசி என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது என்று தம்பி காலையிலேயே எங்கள் எல்லாரிடமும் உறுதி வாங்கியிருந்தான். அம்மா பட்டுச்சேலை கட்டி, வாயைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்தார். "கண்ணு இப்ப எப்படி இருக்கு மதினி? படத்துல பாத்ததுலருந்து எனக்கு மனசே கேக்கல. எங்க டாக்டர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன்" என்று ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். அவர்கள் அவமானமாக எதையும் நினைக்கவில்லை. சம்பந்திக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். கஷ்டம் என்று கேட்டதை இவனாக வேறு கஷ்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்ததும் நான் சிரித்தேன், வாத்தியாரும் என்னவென்று தெரியாமலேயே சேர்ந்துகொண்டார்.

"கண்ணு நல்லாருக்கும்மா. அது உப்பு. ஏத்தா, அந்தப் படத்தப் போட்டுக் காட்டு இவுகளுக்கு" என்றாள் அம்மா.

தம்பி என்னை முறைத்தான். நான் அதற்குள் டிவியில் வயரைச் செருகிவிட்டேன்.

முதலில் கரை வந்தது, பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். அய்யா உற்சாகமாகிவிட்டார். கடல் என்றால் அவர்தானே ஆள். "இது கச்சான் காத்து சம்பந்தி, தெக்கயிருந்து அடிக்கும். அந்தா வெள்ளையாத் தெரியுதுல்ல, அங்கன பாறை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கேமரா தண்ணீருக்குள் போனது. அய்யாவின் பேச்சு நின்றது. நாற்பது வருடம் அந்தக் கடலின் மேல் போனவர், அதன் உள்ளே அப்படிப் பார்த்ததில்லை. டிவியில் அம்மா ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிக்கொண்டிருந்தாள். "இது கட்டக்கோரை, இத விட்டுருவோம். இதான் மரிக்கொழுந்து. கிள்ளுறதப் பாருங்க, வேர விட்டுட்டு" என்று இப்போது அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அய்யா அவளையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெட்டாமல் எடுத்த ஒரு முழுக்கு அதில் இருந்தது. அம்மா ஆழமாக இறங்குகிறாள், நான் பின்னால் போகிறேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் கன்னத்தை உப்ப வைத்திருந்தார். அவரை அறியாமல் மூச்சைப் பிடித்திருக்கிறார். தம்பியும்தான். முதலில் விட்டவன் தம்பி. அடுத்து வாத்தியார், புஸ் என்று. அதற்குப் பிறகு படத்தில் எனக்கே மூச்சு முடிந்துவிட்டது. கேமரா கடகடவென்று மேலே ஏறியது. நான் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு வெறும் தண்ணீர். வெயில் பட்டு மினுங்குகிற வெறும் தண்ணீர். அம்மா வரவில்லை. தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் வரவில்லை.

அய்யா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எங்க அவ?" என்றார்.

அம்மா அவருக்குப் பக்கத்தில்தான், முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இங்கனதான இருக்கேன்" என்றாள்.

அய்யா திரும்பவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அம்மாவின் தலை மேலே வந்தது. அப்போதுதான் அய்யா உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தோம், சம்பந்தியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்கே அந்தச் சொட்டு மருந்து தேவைப்படும்போல் இருந்தது.

"இம்புட்டு நேரமா உள்ள இருப்ப?" என்றார் அய்யா.

"இது கம்மி. பக்கத்துல இவ இருக்காளேன்னு வெரசா வந்துட்டேன்."

"நேரம் எப்படித் தெரியும் உங்களுக்கு? உள்ள கடிகாரமா கட்டிருக்கீங்க?" என்று வாத்தியார் கேட்டார். கேட்கும்போதே இன்னொரு தடவை மூச்சுப் பிடித்துப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"மனசுக்குள்ள அருள்நிறை மரியே செபம் சொல்லுவோம். மூணு சொல்லி முடிச்சா மேல வந்துரணும். நாலாவது ஆரம்பிச்சா நேரா மாதாகிட்டயே போயிருவோம்."

எனக்கே அது அன்றுதான் தெரியும். சம்பந்தியம்மாவுக்கு ஒரே ஆனந்தம். "அப்ப ஒரு நாளைக்கு எத்தனை செபமாலை ஆகுது! நாங்க அஞ்சு நிமிசம் முட்டி போட முடியல" என்றார். தம்பி அம்மாவின் காலடியில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டான். "நான் இத ஒரு தடவகூடப் பாத்ததில்லம்மா" என்றான். அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அய்யா மட்டும் சமாதானமாகவில்லை. சம்பந்தி வீட்டார் போன பிறகு, "இப்பத்தான் சொல்றேன். நீ போகவே வேணாம். எனக்கு நெஞ்சு பதறுது" என்றார். முன்பு வேண்டாம் என்றதற்கு ஊர் காரணம். இப்போது சொன்னதற்கு அவள்தான் காரணம். அந்த வித்தியாசம் அம்மாவுக்கும் புரிந்தது. அவள் குரல் இளகிவிட்டது.

"நீங்க கடலுக்குப் போனா நான் பாக்குறதும் இதே வெறுந்தண்ணிதாங்க. முப்பது வருசமா பாக்குறேன். நீங்க ஒரு நா பாத்ததுக்கே எந்திரிச்சுட்டீக."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "எப்ப அடுத்த வத்தம்?" என்றார்.

"புதன்கெழம."

"போ. ஆனா மேல வந்தா கையத் தூக்கிக் காட்டு."

"யாருக்குக் காட்ட? நீங்க எங்கன இருப்பீக?"

"கரையில நிப்பேன்" என்றார் அய்யா.

அந்தப் பழைய படத்தை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். எடுத்துவிட வேண்டாம், முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் சேர்த்து மாட்டு என்றாள். இப்போது மூன்றும் வரிசையாக இருக்கின்றன. கூடத்துக்கு வருகிறவர்கள் மூன்றாவது படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள், அதாவது என்னைத் திட்டுகிற படத்துக்கு முன்னால். இனி எந்தப் படம் வெளியே போவதானாலும் முதலில் அதில் இருப்பவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தம்பி இதுவரை ஒன்றுக்கும் சரி சொன்னதில்லை.

புதன்கிழமை அய்யா வள்ளத்தில் போகவில்லை. வெயில் ஏறுமுன்பே கரையில் வந்து நின்றுவிட்டார். கடலுக்குள் பதினைந்து இருபது பெண்கள். அம்மா முதல் முழுக்கு போட்டு மேலே வந்ததும், வேலை கெடுகிற எரிச்சலோடு கையை விசுக்கென்று தூக்கிக் காட்டினாள். அய்யாவும் கையைத் தூக்கினார். சின்னம்மா பார்த்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? அடுத்து மேலே வந்த சின்னம்மா கையைத் தூக்கினாள். அவளுக்கு அடுத்தவள் தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை முளைக்க முளைக்கக் கையும் முளைத்தது. எல்லாரும் ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி கண்ணாடி. அய்யாவுக்கு எது தன் பெண்டாட்டி என்று தெரியவில்லை. அவர் எல்லாருக்கும் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.